கேலாங் தவளையின் தோல் எங்கே போகிறது?

கேலாங்கில் சில கடைகளுக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் பொழுது விடியும். லோரோங் 9 பக்கம் நடந்தால் மண்சட்டிகள் அடுப்பில் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் வெள்ளைக் கஞ்சி; இன்னொன்றில் காய்ந்த மிளகாயும் வெங்காயத் தாளும் போட்டு வதக்கிய தவளைக் கறி. நம் வீடுகளில் பலர் அதைத் தொடமாட்டார்கள். தொட்டவர்கள் “கோழி மாதிரிதான் இருக்கிறது” என்பார்கள். அந்த வழக்கு இந்தப் பத்தியில் தீராது. இந்த வாரம் பேசப்போவது சட்டிக்குள் போகாத பகுதியைப் பற்றி: தோல்.

சாப்பாட்டுக்கு வரும் தவளை தோல் உரிக்கப்பட்ட பிறகுதான் வருகிறது. பண்ணையிலோ சந்தையிலோ சமையலறையிலோ உரித்த அந்தத் தோல் நேராகக் குப்பைக்குப் போகும். மீன் செதிலுக்கும் அதே கதிதான். தேக்கா ஈரச்சந்தையில் மீன்காரர் செதிலைச் சீவும்போது அது எங்கே பறந்து விழுகிறது என்று நாம் பார்ப்பதுகூட இல்லை. சட்டையில் ஒட்டாமல் இருந்தால் சரி.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டால்டன் டே என்ற ஆய்வாளர் அதைப் பார்த்தார். அவரும் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியின் ஆண்ட்ரூ டானும் சேர்ந்த குழு, பண்ணைகளில் கழிவாக ஒதுக்கப்பட்ட தவளைத் தோலையும், விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் மீனின் செதிலையும் எடுத்துக்கொண்டது. தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தையும் செதிலிலிருந்து எலும்பில் இருக்கும் அதே கால்சியக் கனிமத்தையும் பிரித்தெடுத்து, இரண்டையும் கலந்து, உடைந்த எலும்பு மீண்டும் வளரத் தாங்கலாக நிற்கும் நுண்துளைப் பொருள் ஒன்றைச் செய்தார்கள். 2021-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. தவளைத் தோலிலிருந்து ஏறக்குறைய 70 விழுக்காடு கொலாஜன் கிடைத்ததாக அந்தக் குழு சொன்னது. ஆய்வுக்கூடத்தில் எலும்பு செல்கள் அதில் ஒட்டிக்கொண்டு பெருகின. லோரோங்கில் குப்பைப் பைக்குள் போகும் பொருளுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

கொலாஜன் என்ற சொல் புதிது. பொருள் நமக்குப் பழையது. ஆட்டுக்கால் சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலை திறந்து பாருங்கள். சூப் ஆடாமல் கட்டியாக நிற்கும். தலை மீன் போட்ட குழம்பும் அப்படித்தான் உறையும். ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி சாப்பிடும்போது உதடு லேசாக ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்பும் அதுதான். தோல், குருத்தெலும்பு, தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிவைத்திருக்கும் நார்ப் புரதம் கொலாஜன். அதைச் சூடாக்கினால் கட்டு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. இரண்டுக்கும் உள்ள உறவு, பின்னிய சடைக்கும் அவிழ்த்த தலைமுடிக்கும் உள்ள உறவு.

சடை என்று சும்மா சொல்லவில்லை. கொலாஜன் உண்மையிலேயே மூன்று பிரிகள் ஒன்றையொன்று சுற்றிய பின்னல். இதை உலகத்துக்குச் சொன்ன ஊர் சென்னை. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். வயது முப்பது. அங்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆய்வுக்குச் சுத்தமான கொலாஜன் வேண்டுமே! அருகிலேயே இருந்தது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கிடைத்தது கங்காரு வால் தசைநாண். அடையாறில் கங்காரு! அதை எக்ஸ்-கதிரில் படம்பிடித்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் அந்த முப்பிரிப் பின்னலை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பின்னலின் சுற்றைத் திருத்தினார்கள். லண்டனும் கேம்பிரிட்ஜும் அதே புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தோல் நிலைய வளாகத்தில் இன்றும் ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்ற பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. சென்னைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மால்களோடு சேர்த்து அதையும் காட்டலாம்.

அந்தப் பின்னலில் மூன்றுக்கு ஓர் இடத்தில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் உட்கார முடியும். உள்பக்கத்தில் வேறெதற்கும் இடம் கிடையாது. அவ்வளவு இறுக்கமாகப் பின்னியதைத் தோலிலிருந்து எப்படி வெளியே எடுப்பது?

இங்கேதான் அமிலம் வருகிறது. அமிலம் என்றதும் பள்ளிக்கூட ஆய்வகத்துக் கண்ணாடிப் புட்டி நினைவுக்கு வந்து பயப்பட வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது. வழக்கமான அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம். கடையில் வாங்கும் வினிகரைவிட இது நீர்த்தது. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம், தயிரில் உள்ள லாக்டிக் அமிலம் ஆகியவற்றிலும் செய்யலாம். உணவில் சேர்க்கத் தகுந்த அமிலங்கள் என்பதால், கழுவிய பிறகு எங்காவது துளி தங்கினாலும் உடலுக்குக் கேடில்லை; கழிவு நீரைச் சுத்திகரிப்பதும் எளிது.

வேலை நடக்கும் விதம் இது. தோலை நன்றாகக் கழுவி, கொழுப்பையும் நிறத்தையும் வேறு புரதங்களையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி அமில நீரில் போடுவார்கள். அமிலத்தில் கொலாஜன் இழைகள் எல்லாவற்றுக்கும் நேர்மின்னேற்றம் ஏறிவிடும். ஒரே முனைக் காந்தங்கள்போல அவை ஒன்றையொன்று தள்ளும். இடைவெளியில் தண்ணீர் நுழையும். தோல் ஊறி உப்பும். இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று நீரில் கரையும். இது 4 டிகிரி செல்சியஸ் குளிரில், ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை நடக்க வேண்டும். பிறகு வடிகட்டி, உப்புப் போட்டால் கொலாஜன் வெண்மையாகத் திரண்டு நிற்கும். பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. இளம் விலங்கின் தோல் சீக்கிரம் கரையும். வயதாக ஆக இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிவிடுவதால் கரைவது கடினம். முற்றிய ஆட்டுக்கறி ஏன் நான்கு விசிலுக்கும் அசையாது என்பதற்குக் காரணம் இதே பிணைப்புகள்தான்.

ஜெலட்டின் வேண்டுமென்றால் இத்தனை பொறுமை தேவையில்லை. அமிலத்தில் ஊறி உப்பிய தோலைக் கழுவி, 45 முதல் 60 டிகிரி வெந்நீரில் வைத்தால் பின்னல் அவிழ்ந்து இறங்கிவிடும். வடிகட்டிக் காயவைத்தால் தூள்.

குளிர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு விலங்கின் கொலாஜனும் அது வாழ்ந்த வெப்பத்தை நினைவில் வைத்திருக்கிறது. பனிக்கடலில் வாழும் காட் மீனின் கொலாஜன் சுமார் 15 டிகிரியிலேயே அவிழத் தொடங்கும். மாட்டுத் தோலினுடையது 40 டிகிரிக்கு அருகில்தான் அவிழும். அதனால் குளிர்கடல் மீனின் ஜெலட்டினில் செய்த ஜெல்லி சிங்கப்பூர் மேசையில் வைத்தால் நிற்காது. திலாப்பியா போன்ற வெப்ப நாட்டு மீனின் தோல் இந்த விஷயத்தில் மேல்.

தோல் தன் பிறப்பை மறப்பதில்லை என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் எல்லாம் ஓடியது ஜெலட்டின் பூசிய ஃபிலிமில்தான். 1920-களில் கோடாக் நிறுவனத்துக்கு ஒரு புதிர்: சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் ஒளியை நன்றாகப் பிடிக்கிறது, சிலது மந்தமாக இருக்கிறது. சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் தேடிப் பார்த்ததில், நன்றாக வேலை செய்த ஜெலட்டினில் துளியளவு கந்தகச் சேர்மம் இருந்தது. அது வந்த வழி, மாடுகள் மேய்ந்த கடுகுச் செடி. சுண்ணாம்பு, அமிலம், கொதிநீர் எல்லாவற்றையும் கடந்து அந்த மாட்டின் தீனி ஃபிலிம்வரை வந்திருக்கிறது.

அப்படியென்றால் எந்தத் தோல், எங்கே, எந்தக் கட்டத்தில் பிரித்தெடுக்கப்பட்டது என்பதுதான் பெருமளவு தீர்மானிக்கிறது. அமிலத்தில் கரைப்பது எளிய வேலை. தமிழ்நாட்டின் தோல் நகரங்கள் இதை நன்றாக அறியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கும்போது ஓரங்களையும் உள்ளே ஒட்டிய சதையையும் வெட்டி ஒதுக்குவார்கள். தச்சர்கள் காய்ச்சிய வச்சிரப்பசைக்கு மூலப்பொருள் இத்தகைய துண்டுகள்தான். அந்தக் கட்டம் வரை அது இன்னும் புரதம். முறையாகக் கையாண்டால் பயன்படும். அடுத்துக் குரோமிய உப்பில் பதனிட்டுவிட்டால், உப்பு கொலாஜன் இழைகளை இறுகப் பிணைத்துவிடுகிறது. செருப்பு அழுகாமல் உழைப்பதற்குக் காரணம் அந்தப் பிணைப்பு. சீவிய தூள் சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே. தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததும், வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நம்மில் பலருக்குத் தெரிந்த வரலாறு. சில மணி நேரம் முன்னே பிரித்தால் பொருள், பின்னே பிரித்தால் நஞ்சு.

கேலாங் தவளைத் தோலில் குரோமியம் கிடையாது. அங்கே எதிரி வெயில். 31 டிகிரியில் ஈரத் தோல் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். கெட்ட தோலை அமிலம் நல்லதாக்காது. உரித்த உடனே தனியாகப் போட்டு, பனிக்கட்டியில் வைத்து, அன்றே யாராவது எடுத்துப்போக வேண்டும். ஒரு கடையில் கிடைப்பது ஒரு வாளி. அதற்காக யார் லாரி அனுப்புவார்கள்? பண்ணையில் மொத்தமாக உரித்தால் கணக்கு சரிவரும். ஆய்வாளர்களும் பண்ணையைத்தான் நாடினார்கள். கடைவீட்டு உணவகத்துக்கு அது சரிவராது. 2023-ல் சிங்கப்பூரில் சுமார் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு. மீதி பெரும்பாலும் எரிக்கப்பட்டு, சாம்பல் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 2024 முதல் பெரிய வணிக, தொழில் கட்டடங்கள் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்தத் தொட்டியில் சோறும் தோலும் எலும்பும் ஒன்றாகத்தான் விழும். அதிலிருந்து உரம் வரும், எரிவாயு வரும், கொலாஜன் வராது. தோலைத் தனியாக எடுக்கும் பழக்கம் மீன் கடைகளிலிருந்து தொடங்கினால் நடக்கும் என்பது என் எண்ணம். ஈரச்சந்தையில் பத்து மீன் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பனிக்கட்டியும் கையருகில் இருக்கிறது.

சரி, எடுத்துவிட்டோம் என்றே வையுங்கள். யார் சாப்பிடுவது?

கேலாங்கையே சுற்றி வாருங்கள். லோரோங் 9-ல் தவளைக் கஞ்சி. சற்று தள்ளி கேலாங் சிராய் சந்தை. அங்கே பெரும்பாலும் ஹலால் உணவுதான். கேலாங் ஈஸ்ட்டில் சிவன் கோயில். அங்கு வரும் பல குடும்பங்களில் மாட்டு ஜெலட்டின் என்று தெரிந்தால் மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தவளை உண்பது ஷாஃபி வழியிலும் ஹனஃபி வழியிலும் ஆகாது, மீன் ஆகும். சைவக் குடும்பத்துக்கு இரண்டுமே ஆகாது. உலகச் சந்தையில் புழங்கும் ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோல், எலும்பிலிருந்தும் வருவது. காயத்துக்குக் கட்டும் கொலாஜன் பட்டையை வேறு வழியில்லாதபோது ஏற்கலாமா என்பது அவரவர் மருத்துவரிடமும் சமயப் பெரியவரிடமும் கேட்க வேண்டியது. மிட்டாய்க்கு அந்த நெருக்கடி இல்லை.

கழிவைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல பெயரில் இந்தக் கேள்வியை மூடிவிடக் கூடாது. பொட்டலத்தில் ‘ஜெலட்டின்’ என்று மட்டும் அச்சிட்டால் போதாது. விலங்கின் பெயர் வேண்டும். இந்தியாவில் பச்சை, பழுப்பு அடையாளங்கள் சைவமா அசைவமா என்றாவது சொல்லிவிடும். இங்கே அப்படிக் கட்டாய அடையாளம் இல்லை. முயிஸ் அமைப்பின் ஹலால் முத்திரை இருந்தால் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தெளிவு. ஆனால் ஹலால் முத்திரை மாடு இல்லை என்று சொல்வதில்லை என்பதை மற்றவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மீன் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் மீன் ஜெலட்டினும் கவனத்துக்குரியது. மாத்திரைக் கூடுகளிலும் ஜெலட்டின் உண்டு. தாவர நாரில் செய்த கூடும் பல மருந்துகளுக்குக் கிடைக்கிறது, மருந்தாளரிடம் கேட்கலாம். நோன்பு மாதத்தில் செய்யும் கடல்பாசி, அதாவது அகார்-அகார், கடல் தாவரம். அதில் எந்த விலங்கும் இல்லை. வேறுபாடு வாயிலேயே தெரியும். ஜெலட்டின் நாக்கின் சூட்டில் உருகும். கடல்பாசி உருகாது, கடிபடும்.

அலுவலகம் போகும் தங்கை தம்பிகள் கேட்பது வேறு: “கொலாஜன் தூள் குடித்தால் முகம் பளபளக்குமா?” குடித்த கொலாஜன் குடலில் துண்டுதுண்டாக உடைகிறது. அதே உருவத்தில் கன்னத்துக்குப் போய் ஒட்டுவதில்லை. தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் தூள் விற்பவர்கள். புரதம் என்ற வகையிலும் அது முழுமையானதல்ல. டிரிப்டோஃபேன் என்ற தேவையான அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் எலும்பு ஜெலட்டின் சூப் கொடுத்தே ஏழைகளின் பசியைத் தீர்த்துவிடலாம் என்று நம்பினார்கள். மஜான்டி என்ற அறிஞரின் தலைமையிலான குழு ஆராய்ந்து, ஜெலட்டின் மட்டும் உயிரைக் காக்காது என்று 1841-ல் அறிக்கை கொடுத்தது. பருப்புக்கு அந்தக் குறை இல்லை, விலையும் குறைவு. உடல் தன் சொந்தக் கொலாஜனைப் பின்னுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அதற்கு ஒரு கொய்யாப்பழம் போதும்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி. ஆலையில் செய்வதுபோல் தூள் வராது, நல்ல சாறு வரும். மீன்காரரிடம் கொடுவாவின் தலை, நடுமுள், தோலைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார். செவுளை நீக்கி, இரத்தம் போகக் கழுவி, மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், இஞ்சி, மிளகு, ஒரு கீற்று எலுமிச்சை போட்டுச் சிறு தீயில் நாற்பது நிமிடம். தளதளவென்று கொதிக்க விட்டால் கலங்கிவிடும். ஓரத்தில் குமிழி எழுந்தால் போதும். வடிகட்டிக் குளிரவைத்தால் இரவுக்குள் உறையும். மூன்று நாளுக்குள் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடுங்கள். உறையவில்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள்.